பழைய ஷாட்கன் தோட்டாக்களின் காலத்தை அடிமுத்திரையைக் கொண்டு சொல்ல முடியுமா?

கேள்வி

வணக்கம். என் பெரியப்பா பாதுகாத்து வைத்திருந்த மூன்று ஷாட்கன் தோட்டாக்கள் இப்போது என் பொறுப்புக்கு வந்துள்ளன. அவற்றை வைத்திருப்பதற்குத் தேவையான உரிமம் எங்களிடம் இருக்கிறது. சுடும் எண்ணம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சரியான விவரச்சீட்டு எழுதி வைக்க வேண்டும் என்பதே விருப்பம்.

மூன்றும் காகித உறை கொண்டவை. முதலாவது மஞ்சள் நிறம். அதன் பித்தளை அடியில் ‘வின்செஸ்டர் 1901 நெ. 12 ரிப்பீட்டர்’ என்று வட்டமாகப் பொறித்திருக்கிறது. உறையின் வாய் உட்புறமாகச் சுருட்டப்பட்டு, நடுவில் ஓர் அட்டை வட்டு தெரிகிறது. அதில் ‘3¼’, ‘1⅛’, ‘7½ சி’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டாவது ஏற்கெனவே சுடப்பட்ட வெற்றுறை, பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதியில்) குழி விழுந்திருக்கிறது, அடியில் ‘யு.எம்.சி. கோ. நெ. 10 நியூ கிளப்’ என்று இருக்கிறது. மூன்றாவதன் பக்கவாட்டில் ‘ஈலி-கைனாக்’, ‘ஐ.சி.ஐ.’ என்ற எழுத்துகள் உள்ளன. அதன் வாயில் அட்டை வட்டு இல்லை, காகிதமே நட்சத்திர வடிவில் மடிக்கப்பட்டிருக்கிறது.

முதல் தோட்டா 1901-இல் செய்யப்பட்டது என்று எழுதிவிடலாமா? மற்ற இரண்டின் காலத்தை எப்படிக் கண்டறிவது?

முதல் பதில்

1901 என்று எழுதிவிடாதீர்கள். பழைய தோட்டாக்களைச் சேகரிக்கத் தொடங்குவோர் மிகுதியாக ஏமாறும் இடம் அந்த எண்தான். ராணுவத் துப்பாக்கிக் குண்டுகளின் அடியில் தயாரிப்பு ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் இருப்பதால், ஷாட்கன் தோட்டாவில் நான்கு இலக்கம் தெரிந்ததும் அதையும் அப்படியே படித்துவிடுகிறோம். வின்செஸ்டரின் ‘1901’ அந்த வரிசைத் தோட்டாக்களுக்கு உரிய அடையாளம்; அந்த முத்திரையோடு பிந்தைய ஆண்டுகளிலும் தோட்டாக்கள் தொடர்ந்து வெளிவந்தன. ஆகவே உங்கள் தோட்டா 1901-க்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது மட்டுமே அந்த எண்ணிலிருந்து கிடைக்கும் செய்தி.

வணிகத்துக்காகச் செய்யப்பட்ட ஷாட்கன் தோட்டாவில் பெரும்பாலும் தேதியே இராது. நிறுவனம் எந்தப் பெயரில் எந்த ஆண்டுகளில் இயங்கியது, வாய் எப்படி மூடப்பட்டது, உறை எந்தப் பொருளால் ஆனது, எந்த வெடிமருந்துக்காக நிரப்பப்பட்டது என்று ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு கால எல்லை வகுத்து, அந்த எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியைக் கண்டுபிடிப்பதுதான் முறை. இதில் மிகவும் பிந்திய தடயத்துக்கே முதலிடம் தர வேண்டும். பழைய முத்திரையைப் பிற்காலத்திலும் பயன்படுத்தியிருக்கலாம், ஆனால் பின்னால் வந்த ஒரு மாற்றம் முன்கூட்டியே ஒரு தோட்டாவில் இடம்பெற்றிருக்க முடியாது.

உங்கள் அட்டை வட்டு அருமையான சான்று. 3¼ என்பது டிராம் அளவு (டிராம் என்பது மருந்தை நிறுக்கும் பழைய எடை அலகு), 1⅛ என்பது ரவையின், அதாவது உள்ளே நிரப்பும் சிறு ஈயக் குண்டுகளின், எடை அவுன்ஸில் (ஏறத்தாழ 32 கிராம்), 7½ என்பது ரவையின் பருமன் எண், ‘சி’ என்பது ஆண்டிமனி கலந்து கடினமாக்கிய ‘சில்டு’ ரவை. ரிப்பீட்டர் வரிசை புகையற்ற மருந்துக்கு உரியது என்பதால், அந்த 3¼ டிராம் உள்ளே இருக்கும் மருந்தின் எடையாகாது. அத்தனை டிராம் கருமருந்துக்கு ஈடான வேகத்தைத் தரும் நிரப்பு என்பதே அதன் பொருள். கருமருந்துக் காலம் முடிந்த பின்னும் வேட்டைக்காரர்களுக்குப் பழகிப்போன அளவு அதுவாக இருந்ததால் நிறுவனங்கள் அதைக் கைவிடவில்லை. பாலிஸ்டைட், இன்ஃபாலிபிள் போன்ற அடர்த்தி மிகுந்த மருந்துகள் வந்தபோது அதே இடத்தில் 24, 26 என்று கிரெயின் எடையை அச்சிட்டார்கள். வட்டில் மருந்தின் பெயர் ஏதேனும் மங்கலாகத் தெரிகிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே உள்ள பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். இரண்டாவது உறையைப் பற்றிச் சில செய்திகள்.

யு.எம்.சி. என்பது யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனி. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள பிரிட்ஜ்போர்ட்டில் 1867-இல் தொடங்கப்பட்டது. அதை நடத்திய மார்செல்லஸ் ஹார்ட்லி 1888-இல் ரெமிங்டன் துப்பாக்கி நிறுவனத்தை வாங்கியவர்களுள் ஒருவர் என்றாலும், இரு பெயர்களும் ஒன்றாகி ‘ரெமிங்டன் யு.எம்.சி.’ என்று அடியில் வரத் தொடங்கியது 1910-களின் தொடக்கத்தில்தான். உங்கள் உறையில் ரெமிங்டன் என்ற சொல் இல்லாமல் ‘யு.எம்.சி. கோ.’ மட்டும் இருப்பதால், அதை இணைப்புக்கு முந்தியது என்று துணிந்து எழுதலாம். மூன்றில் வயதில் மூத்தது அதுவாகவே இருக்கக்கூடும். வெற்றுறை என்பதற்காக அதைக் குறைவாக மதிக்க வேண்டாம்.

பெட்டி ஏதேனும் கிடைத்ததா? கிழிந்த மூடி ஒன்று இருந்தால்கூட, அடிமுத்திரையைவிடக் குறுகிய கால எல்லையை அது தரும். வின்செஸ்டர் நிறுவனத்தை வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனி 1931 டிசம்பரில் வாங்கியது. 1944-இல் அது ஓலின் இண்டஸ்ட்ரீஸ் ஆயிற்று. 1954-இல் ஓலின் மாத்திசன், 1969-இல் ஓலின் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறியது. ரெமிங்டன் பெட்டியில் டுபாண்ட் சின்னம் இருந்தால் அது 1933-க்குப் பிந்தியது. முகவரியில் ஐந்து இலக்க ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் 1963-க்குப் பிந்தியது. குழலை அரிக்காத பிரைமர் என்று பெருமையோடு விளம்பரம் செய்திருந்தால் 1920-களின் பிற்பாதிக்கு முன்னால் போக வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒரு வாசகம் இல்லை என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்; ஒரு சொல் இருப்பது வலுவான தடயம், இல்லாமல் இருப்பது மெலிந்த தடயம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வட்டில் மருந்தின் பெயர் தெரியவில்லை. ஆனால் ஒரு பழைய பெட்டி இருக்கிறது. அடியும் மூடியும் தனித்தனியாக உள்ள இரண்டு துண்டுப் பெட்டி. அதில் ‘வின்செஸ்டர் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கோ., நியூ ஹேவன்’ என்று மட்டுமே இருக்கிறது. வெஸ்டர்ன், ஓலின் என்ற பெயர்கள் எங்கும் இல்லை. பக்கத்துச் சீட்டில் 3¼, 1⅛, 7½ சில்டு என்றிருப்பது தோட்டாவின் வட்டோடு பொருந்துகிறது.

மேலும் இரண்டு ஐயங்கள். முதல் தோட்டாவை அளந்தால் 2¾ அங்குலத்துக்குக் குறைவாக வருகிறதே, ஏன்? பித்தளை கறுத்துப்போயிருக்கிறது, துலக்கினால் எழுத்து தெளிவாகத் தெரியுமா?

மூன்றாம் பதில்

துலக்க வேண்டாம். பித்தளைத் துலக்கிகள் பலவற்றில் அம்மோனியா உண்டு. வடிவமைக்கும்போது இறுக்கம் ஏறிய பித்தளையை அம்மோனியா நுண்ணிய வெடிப்புகளாகப் பிளந்துவிடும். மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த ராணுவக் குண்டுகளின் பித்தளை உறைகள் இந்தக் காரணத்தால்தான் வெடித்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே அதற்குக் காரணம் என்று 1921-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். எழுத்தைப் படிக்க வேறு வழி இருக்கிறது. இருட்டறையில் ஒற்றை விளக்கைத் தோட்டாவின் அடிக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய அதே மட்டத்தில் பிடித்து, தோட்டாவை மெல்லச் சுழற்றுங்கள். ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் விழுந்து, நேர் வெளிச்சத்தில் தெரியாத பொறிப்பும் தெளிவாக எழுந்து வரும். பென்சிலால் தேய்த்துப் படியெடுப்பதை வெற்றுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுடப்படாத தோட்டாவின் பிரைமர்மீது எந்த அழுத்தமும் கூடாது.

நீளத்தைப் பற்றி: ஷாட்கன் தோட்டாவின் குறிப்பிட்ட நீளம், சுட்டு வாய் விரிந்த பின் உறை எவ்வளவு நீளமோ அதுதான். வாய் சுருட்டப்பட்ட நிலையில் குறைவாகவே வரும். பழைய துப்பாக்கியில் இதுவே பெரிய ஆபத்துக்குக் காரணமாகிறது. 2½ அங்குல அறையில் (துப்பாக்கியில் தோட்டா அமரும் இடத்தில்) 2¾ அங்குலத் தோட்டா மூடிய நிலையில் எளிதாக நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல், குழல் குறுகும் பகுதியில் நெருக்கிக்கொண்டு அழுத்தம் மிக உயர்ந்துவிடும். நீங்கள் சுடப்போவதில்லை என்பது தெரியும். இருந்தாலும் விவரச்சீட்டில் ‘சுடத் தகுந்ததன்று’ என்று தெளிவாக எழுதுங்கள், ஏனென்றால் நாளை இந்தப் பெட்டி வேறொருவர் கைக்குப் போகும். உறையைப் பிரித்து மருந்தைக் கொட்டிப் பார்க்கவும் முயலாதீர்கள். நூறாண்டு கடந்த பிரைமரும் வெடிக்கும். வாயின் ஓரத்தில் வெண்பொடி தெரிந்தால் அது ஈய ரவை அரித்து உண்டான நச்சுப்பொடி. கையுறை அணிந்து தொடுங்கள்.

பெட்டியின் சான்று நல்ல சான்று. பிற்காலத்தில் யாரோ ஒருவர் வேறு தோட்டாவை அந்தப் பெட்டியில் போட்டு வைத்திருக்கக்கூடும் என்ற ஐயம் எப்போதும் இருக்கும். ஆனால் பக்கத்துச் சீட்டும் அட்டை வட்டும் மூன்று எண்களிலும் ஒத்துப்போவதால், இரண்டும் சேர்ந்தே வந்தவை என்று கொள்வது நியாயம். அப்படியானால், வெஸ்டர்ன் பெயர் இல்லாதது மெலிந்த தடயமே என்பதால், முதல் தோட்டாவுக்கு ‘பெரும்பாலும் 1901-க்கும் 1931-க்கும் இடையில்’ என்று எழுதலாம்.

மூன்றாவது தோட்டா மூன்றிலும் இளையது. லண்டன் ஈலியும் பர்மிங்காம் கைனாக்கும் 1918-க்குப் பின் ஒரே குழுமத்துக்குள் வந்தன. அந்தக் குழுமம் 1926-இல் உருவான ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் வேதிப்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தது. எனவே ‘ஐ.சி.ஐ.’ என்ற எழுத்து 1926-க்கு மேல் நம்மைக் கொண்டுவருகிறது. நட்சத்திர மடிப்பு பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அட்டை வட்டு ரவைப் பரவலைக் குலைக்கிறது என்ற குறை அதனால் நீங்கியது. ஐ.சி.ஐ.யின் உலோகப் பிரிவு 1962-இல் ஐ.எம்.ஐ. என்ற தனி நிறுவனமாயிற்று. காகித உறையை பிளாஸ்டிக் விரட்டத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ரெமிங்டன் தன் பிளாஸ்டிக் உறையை 1960-இல் கொண்டுவந்தது. ஆகவே ‘பெரும்பாலும் 1940-களின் இறுதி முதல் 1960-களின் தொடக்கம் வரை’ என்று எழுதி, அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை அடிக்காமல் விட்டுவிடுங்கள்.