‘சட்டவிரோதக் குடியேறி’க்கு மாற்று: ‘இசைவற்ற குடிவரவு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்று நாளிதழ்கள் எழுதுவதற்கு மாற்று தேவையா என்று இந்த இழையில் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் தேவை என்கிறேன். கொலை வழக்கில் கைதானவரைக்கூடத் தீர்ப்பு வரும்வரை ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றே எழுத வேண்டும் என்பது இதழியலின் பாலபாடம். விசா முடிந்து சில நாள் கூடுதலாகத் தங்கியவருக்கு அந்தப் பொறுமை கிடைப்பதில்லை. ஆளே சட்டவிரோதமாகிவிடுகிறார்.

வினைச்சொற்களையும் பாருங்கள். ‘சிக்கினர்’, ‘பதுங்கியிருந்தனர்’ எல்லாம் திருட்டுச் செய்திகளில் புழங்குபவை. ‘ஊடுருவல்’ எல்லைச் சண்டைச் செய்திகளில் புழங்குவது. விசா வாங்கிப் போனவர்களை யாராவது ‘சட்டபூர்வக் குடியேறி’ என்று எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் மருத்துவர், பொறியாளர், மாணவர் என்று தொழிலாலேயே அறியப்படுகிறார்கள். இத்தனைக்கும் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கலாம். விசாவை வேலையோடு கட்டிப்போடும் நாடுகளில் வேலை போய், கெடுவும் முடிந்துவிட்டால், போன மாதம் பொறியாளராக இருந்தவர் இந்த மாதம் மறுபக்கத்துக்கு வந்துவிடுவார்.

தமிழுக்கு இதில் ஒரு பழைய காயமும் உண்டு. இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்ற சொல்லை மலையகத் தமிழர்மீது வீசினார்கள். தோட்ட வேலைக்கென்று ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அங்கேயே பிறந்தவருக்கு எந்தத் தோணி? ஒரு பெயர் எவ்வளவு தூரம் போய்க் காயப்படுத்தும் என்பதை நாம் வேறெங்கும் போய்க் கற்க வேண்டியதில்லை.

இனி, வந்த பரிந்துரைகள்.

> ஆங்கிலத்தின் ‘irregular migrant’ என்பதை ‘ஒழுங்கற்ற குடியேறி’ என்று நேராகவே பெயர்க்கலாமே?

வேண்டாம். ஐ.நா. பொதுச்சபை 1975இல் தன் 3449ஆம் தீர்மானத்தில், ‘சட்டவிரோத’ என்பதை விட்டுவிட்டு, ஆவணம் இல்லாத அல்லது முறைப்படி அமையாத நிலையில் உள்ள தொழிலாளர் என்ற பொருள்படும் சொற்களை ஆளும்படி ஐ.நா. அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. அதை ‘ஒழுங்கற்ற’ என்று தமிழாக்கினால் பழி, ஆளின் நிலையிலிருந்து அவர் நடத்தைக்குத் தாவிவிடும். ‘ஒழுங்கில்லாத ஆள்’ என்றுதான் காதில் விழும். ‘முறைசாரா’வை அமைப்புசாரா வேலைகளுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘ஆவணமற்ற’ என்பதும் பலருக்குப் பொருந்தாது. காலம் கடந்து தங்கியவரிடம் பாஸ்போர்ட் முதல் எல்லாம் இருக்கும். தீர்ந்துபோனது அனுமதி ஒன்றுதான்.

அதனால் ‘இசைவற்ற குடிவரவு’ என்பதை முன்வைக்கிறேன். விசாவுக்கு ‘நுழைவிசைவு’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. எது இருக்கிறது, எது இல்லை என்பதை ‘இசைவு’ சரியாகத் தொடுகிறது. ‘குடியேற்றம்’ என்றால் நிரந்தரமாகத் தங்கிவிடுவது போலிருக்கும், ஆனால் பலர் சில வருட வேலைக்கே வருகிறார்கள். ‘குடிவரவு’ இலங்கையில் அரசுத் திணைக்களத்தின் பெயரிலேயே இருக்கும் சொல். புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். இந்தச் சொல் நிகழ்வுக்கு மட்டும் இருக்கட்டும். ‘இசைவிலி’ என்று ஒருவர் அழகாகவே சொல்லியிருந்தார். அகதியைக் குறிக்கும் ‘ஏதிலி’ போல ஓசை நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லாமையையே ஆளின் பெயராக்கிவிடும். நாம் தப்பிக்கப் பார்ப்பது அதிலிருந்துதானே. ஆளைச் சொல்லத் தமிழில் வினையாலணையும் பெயர் இருக்கிறது: ‘இசைவின்றி நுழைந்தவர்’, ‘இசைவு முடிந்தும் தங்கியவர்’. என்ன நடந்தது என்பதை அதுவே சொல்லிவிடும். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2013இல் தன் நடைக்கையேட்டை மாற்றியபோது எடுத்த முடிவும் இதுதான்: ‘சட்டவிரோத’ என்பது செயலுக்கு அடைமொழியாகலாம், ஆளுக்கு ஆகக்கூடாது.

> சட்டம் குற்றம் என்று சொல்வதை மென்மையாக்குவது செய்தியைத் திரிப்பதாகாதா?

நியாயமான கேள்வி. முதலில், எல்லா நாட்டிலும் அது குற்றம் இல்லை. தங்கும் உரிமை இல்லாமல் ஒருவர் நாட்டில் இருப்பது பொதுவாகக் குற்றமாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2012இல், அரிசோனா மாநில வழக்கில் சொன்னது. அவரை வெளியேற்றலாம், அது வேறு நடவடிக்கை. அப்புறம், உயிருக்கு அஞ்சி வந்து தஞ்சம் கேட்பவர்கள். நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் போய் நின்று, தக்க காரணமும் சொன்னால், அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. அவர்களுக்கு இசைவற்ற என்ற அடையும் வேண்டாம். ‘தஞ்சம் கோருவோர்’ போதும். எந்தச் சட்டம் மீறப்பட்டது என்று தெரிந்தால் அதையே செய்தியில் எழுதலாம், அதை நான் தடுக்கவில்லை.

அகராதிப் பதிவுக்கு: இசைவற்ற குடிவரவு – ஒரு நாட்டின் அனுமதி இல்லாமல் நுழைதல், அல்லது அனுமதி முடிந்தும் தங்குதல். நிகழ்வுக்கு மட்டும், ஆளைக் குறிக்க ஆளற்க.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு எல்லை தாண்டவைப்பதையும், ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய்ச் சுரண்டுவதையும் நாளிதழ்கள் ‘ஆட்கடத்தல்’ என்றே எழுதுகின்றன. 2000ஆம் ஆண்டு ஐ.நா. இவற்றுக்குத் தனித்தனி நெறிமுறைகளையே வகுத்தது. முதலாவதற்கு ‘எல்லை கடத்திவிடல்’ என்று யோசித்தேன், திருப்தி இல்லை. உங்களிடம் வேறு சொல் உண்டா?

அன்புடன்