பதில்: ஃபைல் கார்விங் – ‘அரித்தெடுத்தல்’ சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம். கெட்டுப்போன வட்டிலிருந்து கோப்புகளைத் தேடியெடுக்கும் ‘ஃபைல் கார்விங்’ (file carving) என்ற முறைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த ஒரு கேள்விக்கு என் பதில் இது.

> ‘கோப்பு மீட்பு’ என்றே போட்டுவிடலாமே. இதற்கெல்லாம் தனிச்சொல் தேவையா?

தேவை என்றுதான் நினைக்கிறேன். லினக்ஸில் ஒரு பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பிரிவு) மவுன்ட் ஆக, அதாவது பயன்பாட்டுக்குத் திறக்க, மறுக்கும்போது செய்யக்கூடிய வேலைகள் மூன்று. மூன்றையும் ‘மீட்பு’ என்றே எழுதிவைத்தால், எதை முதலில் செய்வது என்று படிப்பவருக்குத் தெரியாது. வரிசை மாறினால் கோப்பு போய்விடும்.

முதல் வேலை வட்டை அப்படியே படியெடுப்பது. டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற படியெடுக்கும் கருவி நன்றாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எது பாக்கி என்பதைத் தனிக் கோப்பில் குறித்துவைப்பதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். மூல வட்டில் எதையும் எழுதாது. இதற்குப் ‘படியெடுத்தல்’ போதும்.

இரண்டாவது, கோப்பு முறைமையை, அதாவது எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அமைப்பை, செப்பனிடுவது. லினக்ஸில் பரவலான கோப்பு முறைமையான எக்ஸ்ட்4-இல் (ext4), அதன் அடிப்படை விவரங்களைக் கொண்ட சூப்பர்பிளாக், பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி இருக்கிறது. அது கெட்டால் மவுன்ட் கட்டளை கைவிரித்துவிடும். ஆனால் அதற்கு நகல்கள் உண்டு. தொகுதியின் (பிளாக்) அளவு 4096 பைட் என்றால் வழக்கமாக முதல் நகல் 32768-ஆம் தொகுதியிலும் அடுத்தது 98304-இலும் இருக்கும். அந்த நகலைக் காட்டி இ2எஃப்எஸ்சிகே (e2fsck) என்ற செப்பனிடும் கட்டளையை ஓட்டினால், பல நேரம் கோப்புகள் பெயரோடும் அடைவோடும் (ஃபோல்டர்) திரும்பிவிடும். எந்த அடைவைச் சேர்ந்தவை என்று தெரியாதவை லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற அடைவில் ஐநோடு (கோப்பின் விவரக் குறிப்பு) எண்ணோடு வந்து சேரும். நல்ல வழிதான். ஆனால் இது வட்டில் எழுதுகிற வேலை. சாகக் கிடக்கிற வட்டில் படியெடுக்காமல் இதை ஓட்டினால் இருப்பதும் போகும். ‘மீட்பு’ என்று மட்டும் படித்த புதியவர் இதைத்தான் முதலில் ஓட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, சொல் கொடுக்காதது நாம்தான். இதற்குச் ‘செப்பனிடல்’ என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாவதுதான் கார்விங். சூப்பர்பிளாக், ஐநோடு, அடைவு எதையும் நம்பாமல், படியெடுத்ததை முதலிலிருந்து கடைசிவரை துழாவி, கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அடையாள பைட்டுகளை வைத்தே அடையாளம் காண்பது. ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 (FF D8) என்ற பைட்டுகளில் தொடங்கி எஃப்எஃப் டி9 (FF D9) என்று முடியும். ஃபோட்டோரெக் என்ற கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. ஃபோர்மோஸ்டும் இதே வகை. அது அமெரிக்க வான்படையின் சிறப்புப் புலனாய்வு அலுவலகத்தில் உருவானது. கிடைக்கிற கோப்புக்குப் பழைய பெயர் இருக்காது, இருந்த அடைவும் தெரியாது. வட்டில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த கோப்பு பெரும்பாலும் முழுதாக வராது. செப்பனிடலில் கிடைப்பதும் இதில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

சரி, எந்தச் சொல்? இங்கே முன்மொழிந்த ‘செதுக்கல்’ எனக்கு ஒட்டவில்லை. செதுக்குகிறவர் இல்லாத உருவத்தை உண்டாக்குகிறார். இங்கே கோப்பு ஏற்கெனவே கிடக்கிறது. ‘அகழ்தல்’ நல்ல சொல், ஆனால் ‘தரவு அகழ்வு’ (டேட்டா மைனிங்) வேறு பொருளில் வேரூன்றிவிட்டது.

நகைப்பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அள்ளி, தண்ணீர்விட்டு அரித்துப் பொன்துகள் எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் துகள் எந்தப் பட்டறையிலிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. மண்ணில் பொன்னை அடையாளம் காணத் தெரியும், அவ்வளவுதான். கார்விங்கும் அதே வேலைதான். அதனால் ‘அரித்தெடுத்தல்’ என்று முன்மொழிகிறேன்.

ஒரு சிக்கல் உண்டு. ‘அரிப்பு’ என்று சுருக்கினால் மண்ணரிப்பும் தோலரிப்பும் நினைவுக்கு வரும். ‘வட்டு அரிப்பு’ என்றால் வட்டு கெட்டுப்போனது என்றே பொருள்படும். எனவே ‘எடு’ என்பதை எங்கும் விடக்கூடாது. வினை: அரித்தெடு. பெயர்: கோப்பு அரித்தெடுப்பு. கருவி: அரித்தெடுப்பி. எழுதிப் பார்த்தால் இப்படி வருகிறது: “முதலில் வட்டைப் படியெடுங்கள். படியைச் செப்பனிட்டுப் பாருங்கள். அதிலும் வராத கோப்புகளை, கைபடாத இன்னொரு படியிலிருந்து அரித்தெடுங்கள்.”

‘மீட்பு’ மூன்றுக்கும் பொதுச்சொல்லாக இருக்கட்டும், கையேட்டின் தலைப்பில் அது சரியாகவே வரும். கட்டளைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

‘அரித்தெடுப்பி’ நாவில் தடுக்குகிறது என்று நினைப்பவர்கள் மாற்று சொல்லுங்கள். மவுன்ட்டுக்கும் சூப்பர்பிளாக்குக்கும் தனி இழை தொடங்கலாம். ‘ஏற்றுதல்’ என்று போட்டால் அப்லோடோடு மோதுகிறது என்பதால் இந்த மடலில் இரண்டையும் ஒலிபெயர்த்தே விட்டிருக்கிறேன்.