டூரேஷன், ஓவர்லேப்: டீசல் பந்தய எஞ்சினுக்கு என்ன சொல்?

அன்பர்களே,

எஞ்சின் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேமுக்கு நெம்புருள், அதைத் தாங்கிச் சுழலும் கேம்ஷாஃப்டுக்கு நெம்புருள் தண்டு என்று நாம் ஏற்கெனவே புழங்கிவிட்டோம். அதில் கைவைக்க வேண்டாம். இடிப்பது, டூரேஷனுக்கும் ஓவர்லேப்புக்கும் முன்மொழியப்பட்டிருக்கும் இந்த இரண்டு சொற்களும்தான்:

> டூரேஷன் = திறப்புக் காலம்
> ஓவர்லேப் = மேற்கவிவு

திறப்புக் காலம் எனக்கு ஒப்பவில்லை. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று எந்தக் கேம் அட்டவணையும் சொல்வதில்லை. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) எத்தனை பாகை சுழலும்வரை திறந்திருக்கிறது என்றுதான் சொல்கிறது. 220 பாகை என்றால் நிமிடத்துக்கு 1,200 சுற்றிலும் 220 தான், 2,400 சுற்றிலும் 220 தான். நேரமோ சுமார் 31 மில்லிவிநாடியிலிருந்து 15க்கு இறங்கிவிடும். ஆகவே 'திறப்புக் கோணம்'. எந்த உயரத்திலிருந்து அளந்தது என்பதும் கூடவே வரவேண்டும். 1.27 மி.மீ. எழுந்த பிறகு அளந்த கோணத்தையும் இருக்கையை (வால்வு மூடி அமரும் இடத்தை) விட்டு எழும்போதே அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வம்புதான்.

மேற்கவிவு, வரைபடத்தில் இரண்டு வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைப் பார்த்து வைத்த பெயர். எஞ்சினுக்குள் எதுவும் எதன்மேலும் கவிவதில்லை. வெளியேற்று வால்வு மூடி முடிப்பதற்குள் உள்ளிழு வால்வு திறக்கத் தொடங்குகிறது, அவ்வளவே. 'இணைதிறப்பு' என்கிறேன்.

டீசலில் இந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். பெட்ரோல் பந்தயக்காரர்கள் இதைத் தாராளமாக வைப்பார்கள். டர்போ டீசலில் டர்பைனுக்கு (வெளியேறும் புகை சுழற்றும் சக்கரத்துக்கு) முன்னால் தேங்கும் அழுத்தம் பல நேரம் உள்வரும் காற்றின் அழுத்தத்தை மிஞ்சிவிடும். இரண்டு வால்வும் திறந்திருந்தால் புகை காற்றுப் பாதைக்குள்ளேயே திரும்பிப் புகும். போதாததற்கு, அமுக்க விகிதம் உயர்வு என்பதால் மேல்நிலையில் பிஸ்டன், சிலிண்டரின் தலைப்பகுதியை ஏறக்குறைய உரசி நிற்கும். வால்வு அப்போது கீழே இறங்கியிருந்தால் பிஸ்டனில் குழி வெட்டவேண்டும், இல்லையேல் வால்வு வளையும்.

உள்ளிழு வால்வைத் தாமதமாக மூடுவதும் அப்படியே. உயர்சுற்றில் லாபம், கீழ்ச்சுற்றில் அமுக்கம் குறைந்து கரும்புகை. ஐரோப்பிய டிரக் பந்தயத்தில் வேக வரம்பு 160 கி.மீ., கண்ணுக்குத் தெரியும் புகைக்குத் தண்டனையும் உண்டு. வளைவிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பும் முறுக்குவிசைதான் அங்கே பேசும். 'பெரிய கேம்' (திறப்புக் கோணம் அதிகமுள்ள கேம்) கேட்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

---

> 'இணைதிறப்பு' என்கிறேன்

திறப்புக் கோணத்துக்கு என் ஓட்டு. இணைதிறப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது ஐயா. இன்றைய டிரக் எஞ்சின்களில் சிலிண்டருக்கு நான்கு வால்வு; உள்ளிழு வால்வுகள் இரண்டும் எப்போதுமே இணைந்துதான் திறக்கின்றன. படிப்பவர் அதைத்தான் நினைப்பார். உள்வழியும் வெளிவழியும் ஒருசேரத் திறந்திருப்பதுதானே நாம் சொல்ல வருவது? 'இருவழித் திறப்பு' எப்படி?

உள்ளிழு, வெளியேற்று நெம்புருள்களின் முகடுகளுக்கு இடையிலுள்ள கோணமான லோப் செபரேஷனுக்கு 'முகட்டிடைக் கோணம்' என்று போடலாம். அது கேம் பாகை, மற்றவை கிராங்க் பாகை. கேம் பாதி வேகத்தில் சுழல்வதால், இதை இரட்டிப்பாக்கி, இரண்டு திறப்புக் கோணங்களின் கூட்டலில் பாதியிலிருந்து கழித்துத்தான் இருவழித் திறப்பைக் கணக்கிட வேண்டும்.

இன்னொன்று: யூனிட் இன்ஜெக்டர் (பம்பும் பீய்ச்சியும் ஒன்றாக அமைந்தது) எஞ்சின்களில் எரிபொருளைத் தள்ளுவதும் இதே தண்டிலுள்ள மூன்றாவது நெம்புருள்தான். அங்கே கேமை மாற்றுகிறவர் பீய்ச்சும் நேரத்தையும் சேர்த்தே மாற்றுகிறார். அதற்குத் தனிச்சொல் இப்போதைக்கு வேண்டாம்.

---

நான்கு வால்வு விஷயம் நியாயம். இருவழித் திறப்பே இருக்கட்டும். சொற்பட்டியல் பதிவுக்கான எடுத்துக்காட்டு வாக்கியத்தை இப்படி வைக்கிறேன், திருத்துங்கள்:

"உள்ளிழு திறப்புக் கோணம் 230, வெளியேற்று திறப்புக் கோணம் 240, இரண்டும் இருக்கையிலிருந்து அளந்தவை. முகட்டிடைக் கோணம் 108 என்றால் இருவழித் திறப்பு 19 பாகை. அதையே 112 ஆக்கினால் 11 பாகை."