கண்ணாடியை மாற்றியதும் வந்த பச்சை

புதுச்சேரி காலாப்பட்டுப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இருந்தபோது நடந்தது இது. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்ற வேண்டும். கே.டி.பி. (பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட்) என்ற படிகத்துக்குள் இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், சேர்ந்து ஒன்றாகும். எங்களிடம் இருந்ததோ அரை வாட் லேசர். ஒரே தடவை படிகத்தில் விட்டால் வெள்ளைத் தாளில் பொட்டு அளவு பச்சை, கால் மில்லிவாட்.

அதற்கே சந்தோஷம் தாங்கவில்லை. 1961இல் மிச்சிகனில் பீட்டர் ஃபிராங்கன் குழு ரூபி லேசரின் 694 நானோமீட்டர் சிவப்பிலிருந்து 347 நானோமீட்டர் புறஊதாவை முதன்முதலில் எடுத்தபோது, கட்டுரைப் படத்தில் அது பதிந்திருந்த புள்ளியை அழுக்கென்று நினைத்து அச்சில் அழித்தேவிட்டார்களாம்.

உள்ளே போகும் ஒளி இரட்டித்தால் பச்சை நான்கு மடங்காகும். அதனால் நான்கு கண்ணாடி வைத்து ஒளியைப் படிகத்தின் வழியே சுற்றவிட்டோம். கோலாட்டத்தில் சுற்றி வருபவரின் கோல் தாளத்தில் வந்து விழுவதுபோல, சுற்றி வந்த அலை புதிதாக நுழையும் அலையோடு அடி தப்பாமல் சேர வேண்டும். ஒரு கண்ணாடிக்குப் பின்னால், மின்னழுத்தம் கொடுத்தால் துளி நீளும் பியசோவை ஒட்டி, இம்மி இம்மியாக நகர்த்தித் தாளம் பிடித்தோம். யாராவது கதவை அறைந்து சாத்தினால் போச்சு, பச்சை அணைந்துவிடும்.

நுழைவுக் கண்ணாடி 99.9 சதவீதம் திருப்பும் ரகம். ஒளி வெளியே போகாமல் இருந்தால் நல்லதுதானே என்று நான்தான் எடுத்தேன். பச்சை 20 மில்லிவாட்டைத் தாண்டவில்லை. அளந்து பார்த்தால், அனுப்பிய 500 மில்லிவாட்டில் ஏறக்குறைய 400 வாசலிலேயே திரும்பிக்கொண்டிருந்தது!

அன்று இரவு கணக்குப் போட்டேன். படிகமும் கண்ணாடிகளும் தின்பது, பச்சையாக மாறுவது எல்லாம் சேர்த்துச் சுற்றுக்கு 3 சதவீதம் செலவாகலாம். வாசலும் அதே 3 சதவீதத்தை விட்டால்தான் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, ஒளி முழுக்க உள்ளே போகும். 97 சதவீதக் கண்ணாடியை மாட்டினோம். அலைக்காட்டியில் திரும்பும் ஒளியின் கோடு அடியோடு இறங்கியது. பச்சை 220 மில்லிவாட். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கத்திவிட்டேன்.

பதில், கடலூரிலிருந்து: அக்கா, எங்களுடையது எல்.பி.ஓ. (லித்தியம் ட்ரைபோரேட்) படிகம், வேலை அதேதான். அது ஈரம் இழுக்கும். ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, படிகத்தைச் சூடாக வைத்திருக்கும் அடுப்பு ஆறிப்போய் அதன் முகம் மங்கிவிட்டது. மாற்று வர மூன்று மாதம். இப்போது அடுப்புக்கென்றே தனி பேட்டரி வைத்திருக்கிறோம்.

— சரி தம்பி, கே.டி.பி.க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடற்காற்றுக்குக் கண்ணாடிகளையாவது மூடி வை. சுற்றுக்கு ஒரு சதவீதம் கூடுதலாகப் போனாலும் பச்சை சட்டென்று குறையும்.