திராஸில் டிஷ் சிக்னல் மிகக் குறைவு: 90 செ.மீ. டிஷ் வாங்கி அனுப்பலாமா?

கேள்வி (மயூர் விகார், தில்லி)

வணக்கம். என் தம்பி லடாக்கில் திராஸ் அருகே சாலைப் பணி முகாமில் மேற்பார்வையாளராக இருக்கிறான். அங்கே கைபேசி இணையத்தை நம்ப முடியாததால், இங்கிருந்து கொண்டுபோன 60 செ.மீ. டிஷ்ஷில் டிடி ஃப்ரீ டிஷ் பார்க்கிறான். பெட்டியில் சிக்னல் ஸ்ட்ரெங்த் 80 காட்டினாலும் குவாலிட்டி 30-ஐத் தாண்டுவதில்லை. பகலில் படம் ஓரளவு ஓடுகிறது. இரவில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. டிஷ் தகரக் கூரையின் மேல் இருக்கிறது. அங்கிருந்து அறைக்கு வரும் கேபிள் ஏறத்தாழ 40 மீட்டர், நடுவில் ஓர் ஒட்டு உண்டு.

வடகோடி என்பதால் சிக்னல் எட்டுவதில்லை, பெரிய டிஷ்தான் ஒரே வழி என்று முகாமில் சொல்கிறார்களாம். சோஜி லா கணவாய் பனியால் அடைபடுவதற்குள் பொருளை லாரியில் ஏற்றிவிட வேண்டும் என்பதால், வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்தவர்களின் கருத்தைக் கேட்கிறேன்.

மறுமொழி 1 (ஆர்.கே. புரம், டிஷ் பொருத்தும் தொழில் செய்தவர்)

சகோதரி, 90 செ.மீ. டிஷ் இப்போதைக்கு வேண்டாம். வடக்கே போகப் போகச் செயற்கைக்கோள் அடிவானத்தை நோக்கித் தாழும் என்பது உண்மைதான்; நார்வேயின் வடபகுதிபோல 70 டிகிரி அகலாங்கில் இருக்கும் ஊர்களில் அது 12 டிகிரி உயரத்தைக்கூட எட்டாது என்பதால், எதிரே ஒரு சிறு குன்று இருந்தாலே படம் போய்விடும். திராஸ் அப்படிப்பட்ட வடக்கு அன்று. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. தில்லியிலிருந்து பார்த்தால் அதன் உயரம் சுமார் 52 டிகிரி, திராஸிலிருந்து சுமார் 46. மூவாயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் காற்று மெல்லியது. நம் ஊரில் மழைக்காலத்தில் படம் போகும் தொல்லையும் அங்கே குறைவு.

ஆனால் அந்த ஆறு டிகிரி வேறுபாடு சிறியதன்று. 60 செ.மீ. டிஷ் கூர்மையாகப் பார்க்கும் அகலமே மூன்று டிகிரி அளவுதான். தில்லியில் வைத்த கோணத்தை அப்படியே வைத்தால் சிக்னலே கிடைக்காது, தோராயமாகத் திருப்பினால் இப்படி 30-இல் நிற்கும். திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 150 டிகிரி. தகரக் கூரைமேல் திசைகாட்டி பொய் சொல்லும் என்பதால் தரையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரெங்த் 80 என்பதை வைத்து ஏமாறவும் வேண்டாம். வெறும் வானத்தைப் பார்த்தாலும் எல்என்பி (டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலை வாங்கிப் பெருக்கும் சிறு கருவி) இரைச்சலைப் பெருக்கி அந்த எண்ணைக் காட்டும். குவாலிட்டி ஒன்றே கணக்கு.

முதலில் பெட்டியையும் டிவியையும் டிஷ் அருகே கொண்டுபோய், ஒட்டில்லாத இரண்டு மீட்டர் கேபிளில் இணைத்துப் பார்க்கட்டும். குவாலிட்டி ஏறினால் குற்றம் கேபிளில். ஏறாவிட்டால் கோணத்திலோ எல்என்பியிலோ.

மறுமொழி 2 (துவாரகா)

பெரிய டிஷ் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 60-இலிருந்து 90-க்குப் போனால் சிக்னல் மூன்றரை டெசிபல் கூடும், அதாவது இரு மடங்குக்குச் சற்று மேலாகும். ஆனால் அதன் பார்வை இன்னும் குறுகலாக இருப்பதால் கோணத்தை இன்னும் நுட்பமாக வைக்க வேண்டும். காற்றில் அசையாத கம்பமும் வேண்டும். இரவில் மட்டும் மோசமாவதைப் பார்த்தால் ஒட்டில் உருகிய பனிநீர் இறங்கி உறைகிறதோ, மாலையில் ஜெனரேட்டர் மின்னழுத்தம் விழுகிறதோ என்று எனக்குச் சந்தேகம். எல்என்பிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் அதே கேபிள் வழியாகத்தான் ஏறுகிறது. தாமிரம் பூசிய இரும்புக் கம்பி உள்ள மலிவு கேபிளில் அது வழியிலேயே தேய்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தம்பி சோதித்துப் பார்த்தான். சிறு கேபிளில் குவாலிட்டி 48 வந்தது. கோணத்தைத் திருத்திய பிறகு 67. பழைய நீளக் கேபிளை மாட்டியதும் மறுபடி 40-க்கு இறங்கிவிட்டது. டிஷ் செங்குத்தாக நின்று எதிர்மலையைப் பார்ப்பதுபோல் இருக்கிறதே, அதை இன்னும் மேலே சாய்க்க வேண்டுமா என்று கேட்கிறான்.

மறுமொழி 1

சாய்க்க வேண்டாம். இது ஆஃப்செட் டிஷ். முகம் காட்டும் திசையைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்தில்தான் அதன் பார்வை இருக்கும். பனி அதிகம் தங்காததற்கும் இந்த நிமிர்ந்த நிலையே காரணம்.

சாந்தினி சவுக் பக்கம் லஜ்பத் ராய் மார்க்கெட்டில் முழுத் தாமிரக் கம்பியுள்ள ஆர்ஜி-6 கேபிள், கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் எஃப் கனெக்டர்கள், ஒட்டுக்குச் சுற்றும் ரப்பர் டேப், மாற்றுக்கு ஒரு எல்என்பி ஆகியவற்றை வாங்கி அனுப்புங்கள். எல்லாம் ஒரு சிறிய பொட்டலத்தில் அடங்கும். முடிந்தால் டிஷ்ஷைக் கூரையிலிருந்து இறக்கி, அறையின் தெற்குச் சுவரை ஒட்டித் தாழ்வான கம்பத்தில் பொருத்தச் சொல்லுங்கள்: டிஷ் பார்க்கும் திசையில் எதிரே உள்ள தடையின் உயரம் அது இருக்கும் தூரத்தைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால் போதும். கேபிளும் பத்து மீட்டருக்குள் முடியும். பனி விழுந்த காலையில் ஏணி இல்லாமல் தென்னந்துடைப்பத்தாலேயே தட்டிவிடலாம். வெந்நீர் மட்டும் ஊற்ற வேண்டாம், அது உறைந்து எல்என்பியின் வாயில் பனிக்கட்டியாகும்.