சக்கரத்தில் நிற்கும் அக்சல் ஐஸில் விழுகிறது: பத்து வயது மகள், ஆலோசனை தேவை

வெள்ளவத்தை_அம்மா:
வணக்கம். மகளுக்குப் பத்து வயது, 2015 ஆகஸ்ட் பிறப்பு. ஃபிகர் ஸ்கேட்டிங் பழகுகிறா. கொழும்பில் மண்டபத் தரையில் கிழமைக்கு நாலு நாள் இன்லைன் (ஒரே வரிசையில் சக்கரம் பூட்டிய சப்பாத்து). மூன்று சக்கரச் சட்டம், முன்னுக்கு ரப்பர் ஸ்டொப்பர். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் மும்மூன்று கிழமை கோலாலம்பூர் போய் சன்வே பிரமிட் கடைத்தொகுதி ரிங்கில் (பனித்தளத்தில்) ஐஸ். இடப்பக்கமாகச் சுற்றுகிறவ.

சக்கரத்தில் சிங்கிள் அக்சல் (முன்னோக்கி எழும்பி ஒன்றரைச் சுற்றுச் சுற்றும் பாய்ச்சல்) பத்துக்கு எட்டு விழாமல் நிற்குது. ஐஸில் பத்துக்கு இரண்டுதான். மிச்சத்தில், பாய எழும்பும்போதே இடது கால் வழுக்கி இடுப்பில் விழுகிறா. ஏன் இப்படி? டபுள் சால்கவ் (பின்னோக்கி ஓடி எழும்பி இரண்டு சுற்றுச் சுற்றும் பாய்ச்சல்) தொடங்கலாம் என்று ஒரு பயிற்சியாளர் சொல்கிறார், தொடங்கலாமா? பழைய சப்பாத்தும் இறுகிப் போச்சு. வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் இரண்டு வருசம் ஓடாதா? ஜூனியர் பிரிவுக்கு எப்ப தகுதி வரும் என்றும் யாராவது சொல்லுங்கோ.

பின்விளிம்பு:
அக்கா, ஏறும்போதே வழுக்கி விழுவதை ஐஸ்காரர் ‘வாக்சல்’ என்பார்கள். சக்கரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வரும்.

சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும், பக்கவாட்டில் சறுக்காது. அதனால் இடது வெளிவிளிம்பில் நன்றாகச் சாய்ந்து, பாரத்தைக் குதிக்காலில் வைத்துக்கொண்டே பாய்ந்தாலும் சக்கரம் மன்னித்துவிடும். ஐஸில் அது நடக்காது. கடைசிக் கணத்தில் பிளேட் சற்றே சறுக்கித் திரும்ப, பாரம் உள்ளங்காலின் முன்பக்கத்துக்கு உருண்டு வந்து, டோ பிக்கில் (பிளேட் முன்நுனியின் பற்களில்) ஏறித்தான் பாய வேண்டும். பாரம் குதியில் நின்றால் பிக் ஐஸைத் தொடவே தொடாது, விளிம்பு கழன்று போகும். இடத் தோளை முன்கூட்டியே திறந்தாலும் இதே கதிதான், விளிம்பு கூடுதலாக வளைந்து பிடியை விடும்.

கொழும்பில் சக்கரத்தில் அக்சல் பாய்வதை விட்டுவிடுங்கோ. அந்தப் பழக்கம் ஊறினால் பிறகு கழற்றுவது கஷ்டம். சக்கரத்தில் வால்ட்ஸ் ஜம்ப் (முன்னோக்கி எழும்பும் அரைச் சுற்றுப் பாய்ச்சல்), லூப் (பின்னோக்கி ஓடி ஒரே காலில் எழும்பி இறங்கும் பாய்ச்சல்), பாக் ஸ்பின் (இறங்கும் காலில் நின்று சுழல்வது) மட்டும் போதும். அக்சலைச் சாதாரண ஓட்டச் சப்பாத்தோடு தரையில் செய்யட்டும், ஒரு நாளைக்கு 15 தொடக்கம் 20, அதற்கு மேல் வேண்டாம். இடது முன்காலிலிருந்து எழும்பி, காற்றில் பாரத்தை வலப்பக்கம் மாற்றி, வலது காலில் பாக் ஸ்பின் நிலையில் இறங்க வேண்டும். இரண்டு காலில் இறங்குவது எண்ணிக்கையில் சேராது. வலது காலில் பாக் ஸ்பின் ஆறு சுற்று அசையாமல் நிற்காத பிள்ளைக்கு அக்சல் ஒழுங்காக வராது.

ஐஸுக்குப் போனதும் முதல் நாலு நாள் பாய்ச்சலே வேண்டாம். விளிம்புகள், த்ரீ டர்ன் (ஒற்றைக் காலில் முன்பின் திரும்புவது), ஸ்ட்ரோக்கிங் (தள்ளித் தள்ளி ஓடுவது) மட்டும். ஐந்தாம் நாள் வால்ட்ஸ் ஜம்ப், அதோடு ஒட்டி வால்ட்ஸ்-லூப். அதற்குப் பிறகு அக்சல்.

சாணைக்கல்:
மேலே சொன்னது சரி, ஆனால் முதலில் பிளேட்டைப் பாருங்கள். நாலு மாதம் கொழும்பு ஈரக்காற்றில் பையில் கிடந்த பிளேட்டோடு நேராக ரிங்குக்குள் இறங்கினால் எவருடைய காலும் வழுக்கும். விளிம்பில் துரு பிடித்திருக்கும்.

விரல் நகத்தை விளிம்புக்குக் குறுக்காக மெல்ல இழுத்துப் பாருங்கள். கூர் இருந்தால் நகத்திலிருந்து வெள்ளைத் தூள் சீவி வரும். ஒன்றும் வராமல் வழுக்கிப் போனால் கூர் போய்விட்டது. இரண்டு விளிம்பையும், முன், நடு, பின் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். இன்னொன்று: சப்பாத்தைக் கவிழ்த்துப் பிடித்து ஒரு நாணயத்தை பிளேட்டின் குறுக்கே, இரு விளிம்பிலும் படும்படி வையுங்கள். நாணயம் ஒரு பக்கம் சரிந்தால் ஒரு விளிம்பு உயரமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. இடது வெளிவிளிம்பு தாழ்ந்த பக்கமாக இருந்தால் பிள்ளையில் பிழையே இல்லை.

தீட்டும்போது, பிளேட்டின் அடியில் இரு விளிம்புக்கும் நடுவே ஓடும் குழியின் ஆரம் அரை அங்குலம் அல்லது 7/16 அங்குலம் என்று சொல்லிக் கொடுங்கள். ஏறக்குறைய 20, 25 மணிநேர ஐஸுக்கு ஒரு முறை. ஹொக்கி பிளேட் மட்டும் தீட்டிப் பழகியவர் டோ பிக்கின் அடிப் பல்லையும் சேர்த்து அரைத்துவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். கத்தரிக்கோலுக்கு அவர் கெட்டிக்காரர், இந்தக் குழி அவருடைய கல்லில் வராது.

வீட்டில் வைப்பது: துடைத்து, துணி உறை போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. பிளாஸ்டிக் கார்ட் (பிளேட்டில் மாட்டும் கடின உறை) நடக்க மட்டும். அதை மாட்டி வைத்தால் ஈரம் உள்ளே நின்று அங்கேயே துரு ஏறும்.

சைஸ் பெரிதாக எடுக்கும் யோசனையை விடுங்கள். குதி உள்ளே எழும்பினால் பிளேட் ஒரு திசை, கால் ஒரு திசை. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னே மெல்லத் தொட வேண்டும், முழங்கால் மடக்கினால் விலக வேண்டும், குதி அசையவே கூடாது. வளர்ச்சிக்கு அரை சென்ரிமீற்றருக்கு மேல் இடம் வேண்டாம். டபுள் வரப்போகுது என்று மிகக் கடினமான சப்பாத்தும் வாங்காதீர்கள். 30 கிலோ பிள்ளையால் அதை மடக்க முடியாது, கணுக்கால் மடியாவிட்டால் இறங்கும் அதிர்ச்சி முழங்காலுக்கும் முதுகுக்கும் போகும். புது பிளேட்டை முதலில் நீள்துளைகளில் மட்டும் திருகி, இரண்டு மூன்று நாள் ஓடி, நேர் பார்த்த பிறகு மிச்சத் துளைகளைப் போடச் சொல்லுங்கள்.

புள்ளிக்கணக்கு:
டபுள் சால்கவ் பற்றி. அடிப்படைப் புள்ளி 1.30, சிங்கிள் அக்சல் 1.10. வித்தியாசம் 0.20 தான். சால்கவ் கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் 80 வீதம், அதாவது 1.04. விழுந்தால் நடுவர் தரம் (−5 தொடக்கம் +5 வரை) −5, ஒவ்வொரு படிக்கும் 10 வீதம் போய் 0.52 மிஞ்சும். அதிலிருந்து விழுந்ததற்கான கழிவும் போகும். அரைச் சுற்றுக் குறைந்தால் அது சிங்கிளாகவே எண்ணப்படும், 0.40. சுத்தமான அக்சல் ஒரு +1 எடுத்தால் 1.21. எது லாபம் என்று பாருங்கோ.

வயது: ஐஎஸ்யூ (சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம்) கணக்கில் ஜூலை 1 தான் எல்லை. அதற்கு முன் 13 நிரம்பியிருந்தால் ஜூனியர். உங்கள் மகள் 2028 ஆகஸ்டில்தான் 13, ஆகவே 2029-30 பருவத்தில்தான். ஜூனியருக்குக் கீழ்ப் பிரிவான அட்வான்ஸ்ட் நொவிஸில் 15 நிரம்பாதவரை ஓடலாம், அவவுக்கு 2030-31 வரை இடம் இருக்கு. சீனியருக்கு வயது 17 என்று 2022இல் புக்கெட் மாநாட்டில் உயர்த்தினார்கள், அது 2033-34. ஆகஸ்ட் பிறந்தநாள் ஒரு கொடை, அவசரப்படத் தேவையில்லை.

வெள்ளவத்தை_அம்மா:
நகத்தை இழுத்துப் பார்த்தேன், இடது பிளேட்டில் முன்பக்கம் ஒன்றும் வரவில்லை. தீட்டக் கொடுக்கிறோம். வெப்ப நாடுகளிலிருந்து ஒலிம்பிக் வரை போனவர்கள் இருக்கிறார்கள்தானே, பிலிப்பைன்ஸ் மார்டினெஸ், மலேசியா ஜூலியன் யீ? வருசத்துக்கு ஒன்பது கிழமை ஐஸோடு அந்தப் பாதை சரிவருமா?

புள்ளிக்கணக்கு:
மார்டினெஸ் 2014 சோச்சியில் 19ஆம் இடம், யீ 2018 பியொங்சாங். இரண்டு பேரும் வளர்ந்தது கடைத்தொகுதி ரிங்கில்தான், ஆனால் வருசம் முழுக்க அந்த ஐஸ் அவர்களுக்குக் கிடைத்தது. வெயில் அவர்களைத் தடுக்கவில்லை. ஒன்பது கிழமையில் நொவிஸ் போட்டி ஓடலாம், பயனுள்ளது. ஜூனியரில் டபுள் அக்சலும் ட்ரிப்பிளும் இல்லாமல் நிற்க முடியாது, அதற்கு வருடம் முழுக்க ஐஸ் வேண்டும். குடும்பமாக இடம் மாறுவதா இல்லையா என்பதை 12 வயதுக்குள் முடிவெடுங்கோ.

பின்விளிம்பு:
தீட்டிய பிறகும் விழுந்தால் போனில் ஸ்லோமோஷன், வினாடிக்கு 240 பிரேமில், பக்கத்திலிருந்து எடுங்கோ. பிக் ஐஸை விட்ட பிரேமிலிருந்து இறங்கிய பிரேம் வரை எண்ணி 240ஆல் பிரித்தால் காற்றில் இருந்த நேரம். அதே நாள் அவவின் வால்ட்ஸ் ஜம்பையும் அப்படி எண்ணுங்கோ. அக்சலின் நேரம் அதைவிடக் குறைந்தால் எழும்பாமலே சுற்றப் பார்க்கிறா, அப்ப வால்ட்ஸ் ஜம்புக்குத் திரும்பி உயரத்தைக் கட்ட வேணும். இன்னொன்று, பின்னுக்கு வளையும்போது இடுப்பில் நோ இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் எண்ணெய் தேய்க்காமல் விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கோ. இந்த வயதில் அது முள்ளந்தண்டு எலும்பில் விழுந்த வெடிப்பாக இருக்கலாம்.