முன்கண்ணாடியில் விரிசல்: ரெசின் போதுமா, மாற்ற வேண்டுமா?

விக்கிரவாண்டி அருகே முன்னே போன ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல், காரின் முன்கண்ணாடியைப் பதம் பார்த்துவிட்டது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வடுதான். ஆனால் அதிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று ஓட்டுநர் பக்கமாக நீள்கிறது. வெயிலில் காய்ந்த கண்ணாடியில் ஏசி காற்று பட்டால் இன்னும் ஓடுகிறது. தூசி, தண்ணீர் புகாமல் இப்போதைக்கு செலோடேப் ஒட்டியிருக்கிறேன்.

ரெசின் என்னும் திரவப் பிசினை விரிசலில் செலுத்திப் புற ஊதா விளக்கில் இறுக வைத்தால் இந்த நிலையில் நிற்குமா? பார்வைக்கு நேரே தழும்பு தெரியுமா? கடைக்காரர் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்; அவர் வேறென்ன சொல்வார்! காப்பீடு கோரினால் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடுமே என்றும் தயக்கம். புதுக் கண்ணாடிதான் என்றால், அதை ஒட்டும் பசை நன்றாக இறுகும்வரை வண்டியைக் கொடுக்காத பொறுப்பான கடை விழுப்புரம், புதுச்சேரி பக்கம் இருக்கிறதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.